ஷோகேஸுக்குள் பாடாத பெட்டி

திருமயத்தைத் தாண்டி அரிமளம் போகும் ரோட்டில் நான் நடந்துகொண்டிருந்தபோதும் எனக்கு வேலை கொடுத்த ஒப்பந்தக்காரன் விடாமல் போன் செய்துகொண்டிருந்தான். நான் எடுக்கவில்லை. காலையில் தூறலில் ஒரு கம்பத்தில் ஏறி இணைய ஒயரைக் கட்டச் சொன்னான், ஏறிக் கட்டினேன். இறங்கியதும் அடுத்த கம்பத்தைக் காட்டினான். அதில் மின்சாரக் கம்பியும் சேர்ந்து போனது. முடியாது என்றேன். "ஏன், ஒன் உசுரு என்ன வெல்லக்கட்டியா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். அவன் ஏணியின் முதல் படியில் கால் வைத்துக்கூட நான் பார்த்ததில்லை.

இப்படி நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் பரோட்டாக் கல், ஆழ்குழாய் போடும் லாரி என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நாள் இதே மாதிரி நடந்தேன். லாரியில் இருந்தபோது சுண்டுவிரல் நகம் ஒன்று போனது. பிறகு கோணலாக முளைத்தது. ஒப்பந்தக்காரனிடம் கற்றுக்கொண்டது ஒரே வேலைதான். இணைய ஒயருக்குள் இருக்கும் எட்டு நிற இழைகளை வரிசையாகப் பிடித்து, முனையில் கண்ணாடி மாதிரியான பிளக்கைச் செருகி, இடுக்கியால் நசுக்குவது. அந்த இடுக்கியும் ஒரு பிடி பிளக்குகளும் பையில் இருந்தன. கூடவே ஒரு கைலி, ஒரு சட்டை.

ஐப்பசி மழை. தைலமரக் காட்டிலிருந்து சளிக்குத் தடவும் மருந்து வாடை வந்துகொண்டிருந்தது. செருப்பின் வார் அறுந்து, அதைக் கையில் பிடித்தபடி நடந்தேன். செம்மண் விரல் இடுக்குகளில் ஏறி, அரிமளம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது கால் பானை மாதிரி இருந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பையைக் கீழே வைத்தேன். இடுக்கியின் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், மேல் பாக்கெட்டில் பெரிய போன். ரைஸ்மில் வைத்திருந்து மூடிவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் மகனின் சம்பாத்தியத்தில் நிமிர்ந்து நடப்பவர் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் இடுக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, நீ நெட்டு ஆளா?"

"நெட்டு ஒயர் இழுக்குற ஆளுங்க."

"ரெண்டும் ஒன்னுதானே?"

இல்லை என்று சொன்னால் அன்றைய சாப்பாடு அந்த டீயோடு போயிருக்கும். "ஒன்னுதாங்க" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் உள்ளேயிருந்தே சொன்னார்: "கூட்டிட்டுப் போங்கய்யா. நெட்டு ஆபீஸ்காரன் வருவான்னு பாத்துக்கிட்டே இருந்தா, ஒங்க மகன் அங்கிட்டு ரிட்டயராயி வந்துருவாரு."

பெரியவருக்கு அந்தப் பகடி பிடிக்கவில்லை. ஆனால் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். போகும் வழியிலேயே விஷயத்தைச் சொன்னார். மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பாட்டுப் பெட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தினமும் காலையில் அங்கிருந்தே போனைத் தட்டி, இங்கே வீட்டில் பக்திப் பாட்டைப் போடுவான்.

"பாட்டுப் போட இங்கிட்டு ஆளு இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கோம். அவன் போட்டாத்தான் அவனுக்குத் திருப்தி. வீடு முழிச்சிருச்சான்னு தெரியணும்ல." மழைத் தண்ணீர் தேங்கிய குழியைச் சுற்றி ஓட்டிவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்பக் கொஞ்ச நாளா பாட்டு வர மாட்டேங்குது. அவன் போன்ல ஆஃப்லைன்னு காட்டுதாம். மருமகதான் காலையில எந்திரிக்கச் சங்கடப்பட்டுக்கிட்டு ஒயரப் புடுங்கி விடுதுன்னு சொல்றான். நீ பாத்துட்டு, ஆமான்னா ஆமான்னு சொல்லிரு. போதும்."

"ஆமான்னா என்ன பண்ணுவீங்க?"

"சாயந்தரம் பஸ்ல அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிருவோம். கீரமங்கலம். பையெல்லாம் கட்டியாச்சு."

ஒரு பெண்ணை வீட்டை விட்டு அனுப்பலாமா என்று முடிவு செய்ய, செருப்பு அறுந்த ஒருவனை டீக்கடையிலிருந்து பிடித்துப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பசி.

இரண்டு மாடி வீடு. வெளிச்சுவர் முழுக்கக் குளியலறை டைல்ஸ். வாசலில் உண்மையாகவே ஒரு பை இருந்தது. ஜிப் பிதுங்கும்படி அடைத்து, கைப்பிடியில் ஒரு துண்டு கட்டியிருந்தார்கள். உள்ளே கூடத்தில் ஒரு சுவரை முழுதாக அடைத்துக்கொண்டு ஷோகேஸ் நின்றது. கண்ணாடிக் கதவு, முதுகுப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி. பிளாஸ்டிக் மயில், கப்பல், திறக்காத தைல பாட்டில்கள், மகன் பட்டம் வாங்கும் படம். நடுத் தட்டில் அந்தப் பெட்டி. இரண்டு பக்கமும் நெடிய ஸ்பீக்கர்கள், வாங்கியபோது சுற்றியிருந்த பாலித்தீன் உறையைக் கழற்றாமல். உறை போட்ட ஸ்பீக்கரில் உயர்ந்த சங்கீதம் கேட்கிற வீடு. சாவி பெரியவரின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவிழ்த்துக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கல்லைவிடச் சற்றுப் பெரியது. அதற்குள் பாட்டு எதுவும் கிடையாது. சி.டி. தட்டுப் போட வாயும் கிடையாது. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். இழுக்க அதற்கு இரண்டு வழி: ஒன்று ஒயர், இன்னொன்று காற்று வழியாக வைஃபை. ஒயர் செருகியிருந்தால் ஒயரைத்தான் நம்பும்; வைஃபையைத் திரும்பிப் பார்க்காது. இதைச் சொல்லித் தந்தது ஒப்பந்தக்காரன் இல்லை. அந்த வீட்டின் மருமகள்தான், அன்று சாயங்காலம், பஸ்ஸில். மதியம் எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது.

பெட்டியின் முகத்தில் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை காய்ந்து போயிருந்தது. நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. மொபெட்டுக்கும், மிக்ஸிக்கும், தண்ணீர் மோட்டாருக்கும், அரிவாள்மனைக்கும் வைத்த மாதிரி இதற்கும் வைத்திருக்கிறார்கள். ஒயரின் மறுமுனை போய்ச் சேர்ந்த, படியின் வளைவில் கைக்கெட்டும்படி ஆணியில் தொங்கிய ரவுட்டருக்கும் தலையில் ஒரு பொட்டு.

முதலில் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். எதுவும் தெரியாதவன் செய்யும் முதல் வேலை அதுதான். தெரிந்தவனும் அதைத்தான் செய்கிறான். அது விழித்துக்கொண்டதும், என் போனைப் பெரியவரிடம் கொடுத்து அவர்கள் வைஃபையின் கடவுச்சொல்லைப் போடச் சொன்னேன். இணையம் வந்தது. ஆக ரவுட்டர் நன்றாக இருக்கிறது. பெட்டிக்கு மட்டும்தான் வரவில்லை.

சமையலறை நிலைப்படியில் மருமகள் வந்து நின்றாள். கையில் கரண்டி. "மாமா, ஆயுத பூஜைக்கு மறுநாள்லேருந்துதான் இப்படி. பின்னாடி அந்த ஓட்டைக்குள்ள சந்தனம்…"

"நீ சும்மா இரு. பாக்க ஆளு வந்துருக்குல்ல" என்றார் பெரியவர்.

நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்ஜினியரிங் படிச்சிருக்குல்ல. அதான் எல்லாத்துலயும் வாயி வைக்கும்."

"என்ன இன்ஜினியரிங்குங்க?" என்று கேட்டேன்.

"எலக்ட்ரானிக்ஸ்" என்றாள் மருமகள், உள்ளே போய்க்கொண்டே.

வீட்டுக்குள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் கீரை தாளித்துக்கொண்டிருக்கிறாள். எட்டாம் வகுப்பு முடிக்காதவன் ஷோகேஸைத் திறந்துகொண்டிருக்கிறான். இதில் ஏதோ தப்பு இருப்பதாக அந்தக் கூடத்தில் யாருக்கும் படவில்லை. எனக்குப் பட்டது. ஆனாலும் எனக்குச் சோறு போடப் போகிறவர் பெரியவர். அவர் சொன்னதைச் செய்தேன்.

பெட்டியை முன்னால் இழுத்துத் திருப்பினேன். ஒயர் செருகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. எரிந்தது, அணைந்தது, இரண்டு தடவை மினுக்கியது, மறுபடி அணைந்தது. ஒயரை ஆட்டினால் இன்னும் வேகமாக மினுக்கியது. ஒயர் முனை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. நோயும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு முனையையும் வெட்டிவிட்டுப் புதுப் பிளக் அடித்தேன். செருகினேன். விளக்கு முன்பு மாதிரியே மினுக்கியது.

அந்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பெரியவர் போனை ஷோகேஸுக்கு நேராகப் பிடித்தார். மகன் முகம் தெரிந்தது. காதில் பெரிய ஹெட்போன்.

"ஏம்ப்பா, பாத்துத் தொடு. அது சாதாரண செட்டு இல்ல. ஸ்டூடியோல பாடுறவன் மூச்சு விடுறதுகூடக் கேக்கும்."

"சரிங்க."

"ஒயர்ல கேட்டாத்தான் அந்தத் துல்லியம். வைஃபைல போட்டா சப்புன்னு இருக்கும். புரியுதா?"

"புரியுதுங்க."

"ஒயர யாராச்சும் அசைச்சிருக்காங்களா? அத மட்டும் சொல்லு."

கேள்வி என்னிடம்தான். ஆனால் சமையலறையில் தாளிக்கும் சத்தம் நின்றது.

நான் ஒயரை உருவினேன். ஏன் உருவினேன் என்றால், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டி கொஞ்ச நேரம் கம்மென்று கிடந்தது. பிறகு முகப்பில் வெள்ளை எழுத்து ஓடியது. சிங்கப்பூர்க்காரன், "ஏ, வந்துருச்சு, ஆன்லைன்!" என்று கத்தினான். அடுத்த நொடி பாலித்தீன் உறைக்குள்ளிருந்து நாதஸ்வரம் வெடித்துக்கொண்டு வந்தது. பெரியவர் மனைவி கீரையை மடியில் கொட்டிக்கொண்டார்.

"பாட்டு வந்துருச்சுல்ல" என்றேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அங்கே இருந்து, ஒரு போன் வழியாக, இங்கே ஒரு பெரியவர் பிடித்திருக்கும் இன்னொரு போனில். "இது ஒயரா, வைஃபையா?"

"வைஃபைங்க."

"அதான பாத்தேன். சப்புன்னு இருக்கு." கண்ணைத் திறந்தான். "அப்ப ஒயர எடுத்தாப் பாடுது. போட்டாப் பாட மாட்டேங்குது. அப்படின்னா ஒயர யாரோ கழட்டி மாட்டி விளையாடி இருக்காங்க. நான் சொன்னேன்ல அப்பா?"

பெரியவர் தலையை ஆட்டினார். அவர் மனைவி வாசலில் இருந்த பையைப் பார்த்தார். நான் பாட்டை வரவழைத்ததில் அந்தப் பெண் மீதிருந்த குற்றம்தான் இன்னும் இறுகியது.

மருமகள் வெளியே வந்தாள். இந்தத் தடவை நிலைப்படியில் நிற்கவில்லை. கூடத்தின் நடுவுக்கே வந்தாள். மாமாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, இப்ப நீங்க அடிச்சீங்கள்ல புதுப் பிளக்கு, அதோட பல்லப் பாருங்க."

கையிலிருந்த ஒயரின் முனையைப் பார்த்தேன். பிளக்கில் வரிசையாகப் பித்தளை நிறப் பற்கள் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் பையிலிருந்து எடுத்த புதுப் பிளக் அது. பற்களின் நடுவே மஞ்சள் மாவு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். கோயில் வாடை.

போனின் வெளிச்சத்தைப் பெட்டியின் ஓட்டைக்குள் அடித்தேன். உள்ளே சந்தனம் அப்பிக் காய்ந்து, அதன் மேல் ஒரு சிவப்புக் கீற்று. பெரியவர் பூஜையன்று ஒயரை உருவி, பெட்டியின் முதுகில் தெரிந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் விரலை வைத்து அழுத்திப் பொட்டு வைத்திருக்கிறார். பிறகு ஒயரைத் திரும்பச் செருகி, சந்தனத்தை உள்ளே இடித்துத் தள்ளியிருக்கிறார். மோட்டாருக்கும் மிக்ஸிக்கும் மேலோடு நின்ற பக்தி, இந்தப் பெட்டியில் மட்டும் உள்ளே புகுந்துவிட்டது. ஒயர் பாதி தொடும், பாதி தொடாது. விளக்கு எரிந்தால் பெட்டி ஒயர் பக்கம் ஓடும். அணைந்தால் வைஃபை பக்கம் ஓடும். அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒயர் விளக்கு மறுபடி கண்ணடிக்கும். ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்குப் போனவன் இரண்டு பந்தியிலும் உட்காராமல் பட்டினியாகத் திரும்புவானே, அந்தக் கதை.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். போனைத் தன் மனைவி கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார்.

"இங்க பாரு தம்பி. சந்தனம்னு சொல்லாத. பூஜை போட்டது நானு. அதுல போயி ஒரு கொறை சொல்லலாமா? சாமி காரியம்."

"பின்ன என்னங்க சொல்றது?"

"யாரோ அசைச்சதுல லூசாயிருச்சுன்னு பொதுவாச் சொல்லு. யாரு பேரும் சொல்ல வேணாம். பாவம் நமக்கெதுக்கு?"

பொதுவாக என்றால் அந்த வீட்டில் யார் என்று எனக்கே தெரிந்திருந்தது. அவர் என் காலைப் பார்த்தார். செருப்பில்லாத கால்.

"தோப்புல மோட்டார் ரூமு சும்மாத்தான் கெடக்கு. மழை முடியிற வரைக்கும் இருந்துக்க. தோப்பப் பாத்துக்கிட்டாப் போதும். மூணு வேளையும் இங்கேருந்து சோறு வந்துரும்."

நல்ல பேரம். அதற்கு முன் மூன்று இரவு ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறச் சாய்ப்பில், ஒயர் சுருளைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். மோட்டார் ரூம் என்றால் கதவு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் நனையாமல் ஓடிவிடும். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் கூடத்துக்குத் திரும்பினேன்.

போனில் அவன் காத்திருந்தான். "என்னப்பா, பாத்துட்டியா? சும்மா சொல்லு, பயப்படாத. யாரு கை வச்சது? எங்க வீட்டுல எல்லாம் கொஞ்சம் கண்டிசனா இருந்தாத்தான் நடக்கும்."

நியாயம் அநியாயம் என்று நான் யோசிக்கவில்லை. 'கண்டிசன்' என்ற சொல்லை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தக்காரனும் அந்தச் சொல்லை அப்படித்தான் இழுத்துச் சொல்வான்.

"ஒங்க அப்பா கை வச்சதுங்க" என்றேன். "ஆயுத பூஜைக்கு ஓட்டைக்குள்ள சந்தனம் அப்பிட்டாரு. அது காஞ்சு அடைச்சிக்கிருச்சு. வேற யாரும் தொடல. இவங்க மொதல்லயே சொல்லிருக்காங்க, யாரும் கேக்கல."

மோட்டார் ரூமின் கதவு அத்தோடு சாத்திக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

அவன் சிரித்தான். "அப்பா பக்தில வச்சிருப்பாரு. பெரியவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? இவ பாத்து தொடச்சு வச்சிருக்க வேணாமா? எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ தானே?"

அவள் தொடக்கூடாது என்று ஷோகேஸைப் பூட்டி, சாவியை அப்பாவின் இடுப்பில் கட்டிவிட்டுப் போனவன் இவன்தான்.

"சரி விடு" என்றான். "அந்தப் பைய உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்கப்பா. போனாப் போகுது."

மகன் மன்னித்துவிட்டார். பெரியவர் முகத்தில் நிம்மதி வந்தது. அவர் மனைவி, "அதான் அவனே சொல்லிட்டான்ல. பைய உள்ள வைய்யி, போ" என்றார்.

மருமகள் பையின் பக்கம் போகவில்லை. உள்ளே போய் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், கையில் தேய்க்கும் சானிடைசர் பாட்டிலும் எடுத்து வந்தாள். பெட்டியின் மின் இணைப்பைக் கழற்றினாள். தரையில் உட்கார்ந்து அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஓட்டைக்குள் தேய்த்தாள். மஞ்சள் துகள் அவள் சேலையில் உதிர்ந்தது. அவசரப்படவில்லை. என் பையிலிருந்து இன்னொரு பிளக் கேட்டாள். நானே ஒயரில் அடித்துக் கொடுத்தேன். நான் நடுவில் ஏதோ உதவப் போக, "நீங்க வெளிச்சத்தப் புடிங்க, போதும்" என்றாள். பிடித்தேன்.

காயவிட்டு, பெட்டியைத் தட்டில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். ஒயரைச் செருகுவதற்குள் அது வைஃபையில் விழித்துக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்து பாட்டைப் போட்டான். நாதஸ்வரம் திரும்ப வந்தது.

"ஆகா!" என்று கத்தினான் அவன். "இது! இதுதான் ஒயரு சவுண்டு! கேளுங்கப்பா, என்னா துல்லியம்! அப்பச் சப்புன்னு இருந்துச்சுல்ல?"

ஒயர் அவள் கையில் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒயரைச் செருகினாள். விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைப் பெரியவரிடம் நீட்டினாள்.

"மாமா, இப்ப எல்லாம் சரியா இருக்கு. இந்த அண்ணன் சாட்சி. நான் போனதுக்கப்புறம் நின்னு போச்சுன்னா, நான் கெடுத்துட்டுப் போனேன்னு யாரும் சொல்லக் கூடாது."

"எங்க போற?" என்றார் பெரியவர்.

அவள் வாசலுக்குப் போய்ப் பையை எடுத்தாள். மாமியார் மடியிலிருந்த கீரையோடு எழுந்தார். "ஏத்தா, என்ன இது? அதான் அவனே வேணாம்னுட்டானே!"

"கட்டுனது நீங்கதான் அத்தை. நல்லாத்தான் கட்டிருக்கீங்க. எதுக்கு அவுக்கணும்?"

போனில் அவன், "என்னப்பா சத்தம்? யாரு பேசுறா? பாட்ட ஒழுங்காக் கேக்க விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவருக்குப் பாட்டை நிறுத்தத் தெரியவில்லை. அதை நிறுத்துகிற வசதி சிங்கப்பூரில் மட்டும்தான் இருந்தது. நானும் என் பையோடு அவள் பின்னால் இறங்கினேன். நாங்கள் தெரு முனை திரும்பும் வரை அந்த நாதஸ்வரம் முழுச் சத்தத்தில் துரத்தியது. எனக்குச் சோறு போடவில்லை. நானும் கேட்கவில்லை.

புதுக்கோட்டை பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நான் பின்னால் படிக்கருகில். புதுக்கோட்டையில் இறங்கி, அவள் கீரமங்கலம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். எனக்குப் போக இடம் எதுவும் இல்லை. ஆகவே எல்லா இடமும் ஒன்றுதான். அதே பஸ்ஸில் ஏறினேன். ஆலங்குடி தாண்டிக் கூட்டம் இறங்கியதும், அவள் திரும்பிப் பார்த்து, ஒயரும் வைஃபையும் எப்படி ஒன்றையொன்று தள்ளும் என்று சொன்னாள். நான் கேட்காமலேயே சொன்னாள். அந்த வீட்டில் அதைச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்தாளோ.

"அந்த மோட்டார் ரூமு விஷயம் எனக்குக் கேட்டுச்சு" என்றாள் பிறகு. "கொல்லைக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு."

"ஒழுகுற ரூமா இருக்கும்" என்றேன்.

"ஒழுகாது. நல்ல ரூமு." பையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "எங்கம்மா பூக் கமிஷன் கடை வச்சிருக்கு. மூட்டை எறக்க ஆளில்லன்னு பொலம்பிக்கிட்டு இருக்கும். கேட்டுப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். இன்னைக்கி நான் எதச் சொன்னாலும் அதுக்குக் கோவந்தான் வரும்."

அன்று இரவு கீரமங்கலம் கடைத்தெருவில் ஒரு பூட்டிய கடையின் படியில் படுத்தேன். கொசு உண்டு, மழை உண்டு, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

விடியும் முன்பே பூ வரத் தொடங்கியது. மல்லிகை, முல்லை, சம்பங்கி. சைக்கிளிலும் சின்ன வண்டியிலும் ஈரச் சாக்கு மூட்டைகளாக வந்து இறங்கின. அவள் அம்மா தராசின் முன்னால் நின்றிருந்தார். கண் சிவந்து, இரவெல்லாம் தூங்காத முகம். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"தூக்குவியா?"

"தூக்குவேங்க."

"பூவக் கசக்காமத் தூக்கணும். கசங்குனா வெலை போகாது."

"சரிங்கம்மா."

அவ்வளவுதான் நேர்காணல். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியபோது தண்ணீர் முதுகுவழியே இறங்கி இடுப்புக்குப் போனது. இரண்டாவது மூட்டையோடு திரும்பி வந்தபோது அவள் கடைக்குள் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

எதிர்க் கடைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "என்னாத்தா, எப்ப வந்தே?"

"நேத்து சாயந்தரம், சித்தப்பா."

"மாப்பிள்ளை வந்துருக்காரா? எத்தனை நாளைக்கி?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பூவைப் பார்க்கிற மாதிரி காதைக் கொடுத்தார்கள். அவள் அம்மாவின் கை எடைக்கல்லின் மேல் அப்படியே நின்றது.

"அவரு வரல. நான் இங்கிட்டுத்தான் இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த முல்லை மூட்டைய இங்க வைங்க. சாய்க்காம."

வைத்தேன். அம்மா எடைக்கல்லைத் தட்டில் போட்டார். நான் அடுத்த மூட்டைக்குப் போனேன்.